சிபி கொண்டுவரும் இஞ்ச் டேப்

பாப்பனங்கோடு,
திருவனந்தபுரம்.
ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்கு முன்.

அன்புள்ள அத்தானுக்கு லிபி எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் இங்கே சுகம். உங்கள் சுகத்துக்காக எந்நேரமும் ஜெபிக்கிறோம். இது அத்தை சொல்லச் சொல்ல எழுதிய வரி. கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று உங்கள் அம்மா பக்கத்திலேயே நின்று எழுத வைத்தாள். இப்போது மீன் கழுவப் போய்விட்டாள். இனி வருவது நான் எழுதுவது.

தினமும் வீடியோவில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். ஃபோனில் நீங்கள் என்னை எதையும் சொல்லி முடிக்க விடுவதில்லை. பாதியிலேயே ‘செரி செரி, நீ கெட’ என்று படுக்கச் சொல்லி வைத்துவிடுகிறீர்கள். தாளோடு அது நடக்காது. உங்கள் கேம்பில் கூட இருக்கும் சிபி லீவு முடிந்து சனிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். நேந்திரங்காய் உப்பேரியும் மீன் ஊறுகாயும் கட்டும் பொதியில் இதையும் வைத்துவிடுவேன். அதுவரை கிடந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக எழுதப்போகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் தலையணை எல்லாம் என் இடது காலுக்குக் கீழே இருக்கிறது. தலைக்கு அத்தையின் பழைய சேலையைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.

நமக்குள் தீராமல் கிடப்பது ஒரே விஷயம்தான். கால் நரம்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து ஒவ்வொரு ஃபோனிலும் ‘நீ இனி கடைக்குப் போவாண்டாம்’ என்கிறீர்கள். நான் பார்க்கலாம் என்கிறேன். பார்க்கலாம் என்று நான் சொன்னால் அதற்கு இல்லை என்று அர்த்தம் என்பது கல்யாணத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். ஆனாலும் காரணம் சொல்லாமல் இல்லை என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. காரணம் சொல்கிறேன். அதற்கு முன்னால் கால்.

கால் நன்றாக இருக்கிறது. உங்களைச் சமாதானப்படுத்த எழுதவில்லை, நிஜமாகவே நன்றாக இருக்கிறது. தொடையிலிருந்து கணுக்கால் வரை பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போய் மாம்பழத் தோல் மாதிரி ஆகிவிட்டது. கணுக்காலின் உள்பக்கம் ஒரு கையகலத்துக்குத் தொட்டால் தெரியவில்லை. அது மெல்ல மெல்லத் திரும்பிவிடும் என்றார்கள். ஆனால் அந்தக் கனம் போய்விட்டது. சாயங்காலம் ஆனால் காலில் ஈரமண் மூட்டை கட்டித் தொங்கவிட்டது போலிருக்குமே, அது இல்லை. பிளஸ் டூ முடித்துச் சாலை பஜார் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போன பிறகு எனக்கு இப்படி ஒரு கால் இருந்ததே இல்லை. பகலில் கிடந்துகொண்டு விரல்களை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறேன். வேறு யாருடைய காலையோ இரவல் வாங்கி வந்தது போலிருக்கிறது.

ஆபரேஷன் அன்று நடந்ததை நீங்கள் முழுதாகக் கேட்கவே இல்லை. முதலில் டாக்டர் ஆஷா என்னை ஒரு சின்னப் படியின் மேல் நிற்க வைத்தார். நின்றால்தான் நரம்பு புடைத்துத் தெரியுமாம். பிறகு அவர் தரையில் உட்கார்ந்து, என் கால் முழுக்க ஸ்கெட்ச் பேனாவால் கோடு கோடாக வரைந்தார். நான் நிற்க, படித்த பெரிய மனுஷி ஒருத்தி என் காலடியில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கூச்சமாகி ‘மேடம், நீங்க எழும்புங்க’ என்றுகூடச் சொல்லிவிட்டேன். ‘அனங்காதெ நில்லு’ என்றார். அசையாமல் நிற்பதற்குத்தான் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே.

முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் அவர்கள் என் நரம்பை உருவிக்கொண்டே ஓணத்துக்கு எடுக்கப்போகும் சேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நர்ஸ், அந்த மயில்பச்சை சாயம் போகுமோ என்று சந்தேகப்பட்டாள். திரைக்கு இந்தப் பக்கம் கிடந்த நான் ‘கலர் போகாது மேடம், கியாரண்டி’ என்றேன். தியேட்டரே சிரித்தது. அந்தச் சேலையை நான் பார்க்கக்கூட இல்லை. காலை அறுத்துக்கொண்டிருக்கும்போதும் வாய் விற்கிறது, பாருங்கள்.

இப்போது தொடை வரை இறுக்கமான உறை மாட்டியிருக்கிறேன். காலையில் அதை ஏற்றுவதற்குள் நானும் அத்தையும் கட்டிலில் மல்லுக்கட்டுகிறோம். அத்தை இழுக்க நான் படுத்தபடி தள்ள, கடைசியில் இரண்டு பேரும் சிரித்து மூச்சு வாங்குவோம். டாக்டர் சொன்னது சுருக்கம்: கிடக்கலாம், நடக்கலாம், நிற்கக் கூடாது. உட்கார்ந்தால் காலைத் தொங்கவிடக் கூடாது. இதை டாக்டர் சொல்வதற்கு முன்பே நீங்கள் ஃபோனில் சொன்னீர்கள். காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி வை, சுவரில் சாய்த்து வை என்றெல்லாம். யூடியூப் பார்த்துப் படித்திருப்பீர்கள் போல. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அத்தையைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. களியக்காவிளைப் பக்கம் அண்டி ஆபீஸில் குந்தி உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துத்தான் அவளுக்கு இரண்டு முட்டியும் போனது. உட்கார்ந்தே முட்டி போனவளும் நின்றே நரம்பு போனவளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அங்கே எழுந்திருக்க விடவில்லை, இங்கே உட்கார விடவில்லை. நேற்று இதைச் சொன்னபோது அத்தை, ‘நடுவுல ஒரு ஜோலி கெடச்சிருந்தா ரெண்டுபேரும் ராணிமாதிரி இருந்திருப்போம்’ என்றாள். சபையிலிருந்து நாலைந்து பேர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, ‘அவ ஜெபத்துக்கு எழும்பி நிக்க மாட்டா, டாக்டருக்க உத்தரவு’ என்று அத்தை அறிவித்துவிட்டாள். கிடந்தபடியே ஆமென் சொன்னேன்.

செவ்வாய்.

இன்றைக்குக் காரணம் எழுதுகிறேன்.

எனக்கு அந்த வேலை பிடிக்கும். இதை நீங்கள் நம்பவே மாட்டேன் என்கிறீர்கள். ஒரு சேலையை மடிப்பிலிருந்து உதறி ஒரே வீச்சில் கவுண்டர் முழுக்க விரிப்பது எனக்கும் கூட வேலை பார்க்கும் ஜிஜிக்கும்தான் கடையில் ஒழுங்காக வரும். ஒன்றும் வேண்டாம் என்று வந்தவள் அதைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்ப்பாள். அந்த நிமிஷம் எனக்கு இஷ்டம். கல்யாணச் சேலை எடுக்க வரும் பெண் யாரைப் பார்த்து ‘நல்லாருக்கா’ என்று கேட்கிறாள்? அம்மாவையோ மாமியாரையோ இல்லை, என்னை. அதை விட்டுவிட்டு வீட்டில் இருந்து நான் என்ன செய்வேன்?

பிடிக்காதது நிற்பது. அதுவும் ஆள் இல்லாத நேரத்தில் நிற்பது. மதியம் இரண்டு மணிக்கு மாடியில் ஈ ஆடாது. அப்போதும் ஷோகேஸ் பொம்மை மாதிரி நிற்க வேண்டும். பொம்மைக்காவது முதுகில் ஒரு கம்பி உண்டு. நாங்கள் அலமாரியில் லேசாகச் சாய்ந்தால் முதலாளி கேமராவில் பார்த்துக் கீழே இருந்து ஃபோன் பண்ணுவார். வாங்க வருகிறவளுக்கு மெத்தை வைத்த நாற்காலி, விரித்துக் காட்டுகிறவளுக்குத் தரை. கடையில் வேலை செய்கிற பெண்ணுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று இந்தக் கேரளத்தில் சட்டம் இருக்கிறது. அதுவும் சும்மா வந்ததில்லை. பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து கோஷம் போட்டு வாங்கியது. சட்டம் வந்ததும் முதலாளி ஸ்டூல் வாங்கினார். வாங்கிப் பரணில் போட்டார்.

அந்த ஸ்டூல் கீழே இறங்கிய ஒரே நாளை உங்களிடம் நான் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. லேபர் ஆபீசர் வருகிறார் என்று முன்கூட்டியே தகவல் வந்தது. மாடி மேனேஜர் கைலாஷ் சார் அவசர அவசரமாக ஸ்டூல்களை இறக்கித் துடைத்து எங்களுக்குப் பின்னால் போட்டார். ‘எல்லாவரும் இரிக்கூ, சிரிச்சிட்டு இரிக்கூ’ என்றார். நாங்களும் குரூப் ஃபோட்டோவுக்கு உட்கார்வது போல வரிசையாக உட்கார்ந்தோம். ஆபீசர் படியேறி வந்தார். அவர் தலை தெரிந்ததும் நாங்கள் எல்லாரும் ஒன்றாக எழுந்துவிட்டோம். யாரும் சொல்லவில்லை. முழங்கால் தானாக நிமிர்ந்தது. அதோடு நான் கைகூப்பி ‘வாங்க சார், என்ன பாக்கணும், பட்டா காட்டனா’ என்று கேட்டேன்.

அந்த மனுஷன் நல்லவர். ‘இரிக்கூ, நிங்ஙள் இரிக்கூ’ என்று எவ்வளவோ சொன்னார். ஒருத்தியாலும் முடியவில்லை. பாதி உட்காருவோம், அவர் பார்த்தால் எழுந்துவிடுவோம். முதலாளி கையை விரித்து, ‘பாத்தீங்களா சார், நம்ம போட்டுக் குடுத்தாலும் இவங்க இருக்க மாட்டாங்க, இவங்களுக்கு நிக்கறதுதான் இஷ்டம்’ என்றார். ஆபீசர் எதையோ எழுதிக்கொண்டு இறங்கிப் போனார். அவர் பின்னாலேயே ஸ்டூல்கள் பரணேறின. அன்றிலிருந்து எனக்கு முதலாளி மேல் இருக்கும் கோபத்தைவிட என் முழங்கால் மேல் இருக்கும் கோபம் பெரிது.

அதனால்தான் அத்தான், நான் வேலையை விட மாட்டேன். இப்போது விட்டால் அவர் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். திரும்பிப் போய் ஒருநாளாவது அந்த மாடியில், கேமரா பார்க்க, உட்கார வேண்டும். ஓய்வு பாதி, பிடிவாதம் பாதி. அது இல்லாமல் இந்தக் காலைச் சரிபண்ணி எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

புதன், சாயங்காலம்.

இன்று எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. காரணம் நீங்கள்.

நான்கு மணிக்குக் கைலாஷ் சார் வந்தார். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு கவர் ஆரஞ்சு. வாசலில் அவர் குரல் கேட்டதும் நான் கட்டிலை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். ‘வேண்டா வேண்டா, லிபி, இரி’ என்று சொல்லிக்கொண்டே அவர் வீட்டில் இருக்கும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். சுகமா, தையல் பிரித்தாச்சா என்று கேட்டுவிட்டு மெல்ல விஷயத்துக்கு வந்தார். ‘ஜெயன் என்னெ விளிச்சிருந்தாரு. லிபி இனி வராது, வேற ஆளப் பாத்துக்குங்கன்னு சொன்னாரு. அதான், நேரிட்டு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகாம்னு வந்தேன்.’

என்னிடம் தினமும் ‘நீ கெட, நீ கெட’ என்று சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாமல் என் மேனேஜரை ஃபோனில் கூப்பிட்டு என் வேலையை நீங்கள் விட்டிருக்கிறீர்கள். அது யார் வேலை, அத்தான்? உங்கள் வேலையை நான் இங்கிருந்து ஃபோன் பண்ணி விட்டால் எப்படி இருக்கும்? கல்யாணத்துக்கு முன்னால் பாறசாலை ஸ்டேஷனில் வைத்து, உனக்கு என்ன இஷ்டமோ அதுதான் என்று சொன்னது இதே வாய்தானே. மஸ்கட் வெயிலில் அது உருகிப்போய்விட்டது போலும்.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஓணம் வருகிறது, கூட்டம் தாங்காது, பழைய ஆள் வேண்டும். வேண்டுமானால் கீழே பேக்கிங்கில் போடுகிறேன், அங்கே கஸ்டமர் கண்ணில் படாது, உட்கார்ந்து வேலை செய்யலாம் என்றார். அதாவது உட்காரலாம், ஆனால் யாரும் பார்க்கக் கூடாது. நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். கால் விண்விண்ணென்று தெறித்தது.

அத்தை காப்பி கொண்டு வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, ‘மக்ளே, நீ எதுக்கு நிக்கிய? அவரு என்ன, சேலை எடுக்கவா வந்திருக்காரு?’ என்று கேட்டாள்.

கைலாஷ் சார் காப்பியைக் கொஞ்சம் சிந்திவிட்டார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. ஆபீசர் வந்த நாளைப் போலத்தான், என் சொந்த வீட்டில், அறுத்துத் தைத்த காலோடு நிற்கிறேன். நேரே கட்டிலுக்குப் போய்ப் படுத்தேன். காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்தேன். என் உள்ளங்கால் நேராக அவர் முகத்தைப் பார்த்தது. அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, கடைசியில் காலண்டரைப் பார்த்தார். நான் படுத்தபடியே பேசினேன்.

‘சார், எனக்க ஜோலிய விடுகதும் விடாததும் நான் சொல்லணும், வேற யாரு சொன்னாலும் கணக்கில்ல. டாக்டர் எப்ப போலாம்னு சொல்லியாங்களோ அப்ப வருவேன். மாடிக்குத்தான் வருவேன். ஆளில்லாத நேரம் இருப்பேன். ஆளு வந்தா எழும்புவேன், அது எனக்க வேலை. கீழேருந்து ஃபோன் வந்தா எடுக்க மாட்டேன்’ என்றேன்.

‘அதொக்கே முதலாளியோடு சோதிக்கணும்’ என்றார்.

‘கேக்கண்டாம் சார். சட்டம் போட்டவங்க அவர்ட்ட கேக்கல்ல’ என்றேன்.

அவர் காப்பியை முழுதாகக் குடித்தார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, ‘ஆ ஸ்டூலொக்கே அவிடெத்தன்னெ உண்டு. பரணில்’ என்றார். ஸ்டூல்கள் அங்கேயேதான் இருக்கின்றன என்று அவர் சொன்னது மிரட்டலா சம்மதமா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவரும் அந்த மாடியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் ஃபோனை இன்று எடுக்கவில்லை. மூன்று தடவை கூப்பிட்டீர்கள். அத்தையிடம், லிபி தூங்குகிறாள் என்று சொல்லச் சொன்னேன். அத்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது. ‘அவ கோவத்துல தூங்கியா’ என்று சொல்லிவிட்டாள்.

வியாழன்.

கோபம் அப்படியே இருக்கிறது, ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. மதியம் ஜிஜி கூப்பிட்டாள். பாத்ரூமுக்குள் நின்று ரகசியமாகப் பேசினாள். இன்று கைலாஷ் சார் பரணின் கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாராம். ஏணியும் அங்கேயே சாய்ந்திருந்ததாம். ஜிஜி ஏறி இரண்டு ஸ்டூலை இறக்கினாள். அதில் ஒன்றில் உட்கார்ந்தாள்.

‘எடீ லிபி, ஞான் இருந்து. பயந்திட்டு எனிக்கு மூத்ரம் முட்டி’ என்றாள். எங்கள் இருவருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கீழே இருந்து ஃபோன் வந்ததாம். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். யாரும் எடுக்கவில்லையாம். பிறகு அதுவே நின்றுவிட்டதாம். இன்னொரு ஸ்டூலில் ஒருத்தியும் உட்காரவில்லை, பயம். அது சும்மா கிடக்கிறது. ‘அது நினக்கு’ என்றாள் ஜிஜி.

முதலாளி நாளைக்கே அதைத் திரும்பப் பரணில் ஏற்றலாம். ஜிஜியைக் கூப்பிட்டுக் கத்தலாம். ஓணத்துக்கு முன்னால் அவளை வெளியே அனுப்ப அவருக்குத் தைரியம் வராது, ஓணம் கழிந்த பிறகு வரும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் இன்று மதியம் சாலையில் ஒரு கடை மாடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அத்தையிடம் சொன்னேன். அத்தை எனக்கும் அவளுக்கும் ஆளுக்கொரு ஆரஞ்சு உரித்தாள். கைலாஷ் சார் கொண்டு வந்தது. இனிப்பாகத்தான் இருந்தது.

வெள்ளி.

சிபி பொதி வாங்க வந்தான். அத்தை அவனுக்கு மரச்சீனிக் கிழங்கும் மத்திக்குழம்பும் வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் உப்பேரி பொரிக்க அடுக்களைக்குப் போனாள். நான் கட்டிலில் காலைத் தூக்கிக் கிடந்தேன். சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தவன் சிரித்தான். ‘நீங்களும் ஜெயண்ணன் மாதிரியே கெடக்கியளே’ என்றான்.

சொன்ன பிறகு அவன் கை கிழங்கிலேயே நின்றுவிட்டது.

நான் விடுவேனா. மெல்ல மெல்லக் கேட்டேன். பாவம், சிபி உங்களுக்கு எவ்வளவு சத்தியம் பண்ணியிருந்தானோ, முதலில் குழம்பைப் புகழ்ந்து பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். நீங்கள் காவல் நிற்கும் மால் வாசலில் செக்யூரிட்டி உட்காரக் கூடாது என்பது சட்டமாம், ஸ்டூல் என்ற பேச்சே கிடையாதாம். நீங்கள் டியூட்டிக்குப் போகும் முன் இரண்டு காலிலும் துணி பேண்டேஜ் சுற்றி அதன் மேல் சாக்ஸ் போடுகிறீர்களாம். கணுக்காலுக்கு மேலே ஒரு புண் ஆறாமலே இருக்கிறதாம். அறைக்கு வந்தால் காலைச் சுவரில் தூக்கி வைத்துத்தான் கிடப்பீர்களாம். அப்படிக் கிடந்துதான் எனக்கு ஃபோன் பண்ணுவீர்களாம்.

இப்போது எனக்கு எல்லாம் புரிகிறது. வீடியோவில் எப்போதும் உங்கள் முகத்துக்குப் பின்னால் தலையணையும் மேல்கட்டிலின் பலகையும்தான் தெரியும். சோம்பேறி, வந்ததும் விழுந்துவிடுகிறான் என்று அத்தையிடம் கேலி பண்ணியிருக்கிறேன். காலைத் தொங்கவிடாதே, நெஞ்சுக்கு மேலே தூக்கு என்பதெல்லாம் நீங்கள் எந்த யூடியூபிலும் பார்க்கவில்லை. கைலாஷ் சாரைக் கூப்பிட்டதும் எதற்கு என்று தெரிகிறது. நின்றால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆனாலும் நீங்கள் செய்தது தப்புதான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் வந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். நான் வேலைக்குப் போவேன். ஜிஜி எனக்காக ஒரு ஸ்டூல் பிடித்து வைத்திருக்கிறாள். நான் உங்களை வேலையை விடச் சொல்லவில்லை. உங்கள் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, ஜெயன் இனி வராது என்று சொல்லவும் மாட்டேன். அவர் நம்பரைச் சிபியிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறேன், அது வேறு விஷயம்.

பொதிக்குள் உப்பேரிக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் ஒரு இஞ்ச் டேப் இருக்கும். கடையில் என் கழுத்தில் கிடப்பதுதான். ஆஸ்பத்திரியில் என் கால் உறைக்கு அளவெடுத்த மாதிரியே நீங்களும் எடுக்க வேண்டும். காலையில் எழுந்ததும், காலைத் தரையில் வைக்கும் முன்பு. கணுக்கால் மேலே ஒல்லியான இடத்தில் ஒன்று, கெண்டைச் சதை பருமனான இடத்தில் ஒன்று, தொடையில் ஒன்று. சென்டிமீட்டர் இருக்கும் பக்கத்தில் பாருங்கள், இறுக்க வேண்டாம். இரண்டு காலும். நல்ல காலுக்கு மட்டும் எடுத்து அனுப்பினால் எனக்குத் தெரிந்துவிடும், அளவு பார்த்தே ஆளைச் சொல்கிற ஜோலி எனக்கு. புண் இருக்கும்போது உறை போடலாமா என்று டாக்டர் ஆஷாவிடம் நானே கேட்கிறேன், அடுத்த வாரம் காட்டப் போகிறேன். அதுவரை அங்கே யாராவது டாக்டரிடம் புண்ணைக் காட்டுங்கள். ஓணத்துக்கு லீவு கேளுங்கள். கிடைக்காது என்று நீங்களே முடிவு பண்ணிவிடாமல் வாய் திறந்து கேளுங்கள்.

அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணில் என்ன என்று கேட்டாள், மிளகாய் வற்றல் புகை என்றேன். எனக்கும் பொய் சரியாக வராது போல, இன்னொரு தலையணை எங்கே கிடைக்கும் என்று பக்கத்து வீட்டில் கேட்கப் போயிருக்கிறாள். எதற்கு என்றால், மகன் வந்தால் அவனும் கிடக்க வேண்டாமா என்கிறாள். சிபி பேசியது அடுக்களைக்குக் கேட்டிருக்கிறது.

இந்த வீட்டில் இப்போது நான் சந்தோஷமாக இருக்கிறேன், அத்தான். கால் லேசாக இருக்கிறது, அத்தை சிரிக்கிறாள், சாலையில் ஜிஜி உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் ஒரே ஒரு ஆள்தான் நின்றுகொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், எடுப்பேன். முகத்தைக் காட்ட வேண்டாம். முகம் எனக்குத் தெரியும். ஃபோனைக் கீழே இறக்கிக் காலைக் காட்டுங்கள்.

கர்த்தர் உங்களுக்கு ஒரு நாற்காலி தர வேண்டும் என்று ஜெபிக்கும்,
லிபி.